பத்து மணி இருபத்து நாலு நிமிஷம்

காரைக்குடி ரயிலடிச் சாலையில் சேக் தாவூதின் கடிகாரக் கடைக்கு டாக்டர் அகிலாண்டேஸ்வரி வந்தபோது, அவர் கையில் ரிப்பேருக்குக் கடிகாரம் எதுவும் இல்லை. நீளமான நோட்டு ஒன்றுதான் இருந்தது. சனிக்கிழமை காலை. கண்ணில் செருகியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு சேக் தாவூது எழுந்து நின்றார்.

"இங்க முத்துவீரன்னு ஒருத்தர் இருப்பாகன்னு சொன்னாக," என்றார் டாக்டர்.

முத்துவீரன் இருந்தார். ரயில்வேயில் விபத்து விசாரணைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் உழைத்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தக் கடையின் முக்காலி அவருக்குத்தான். தடம் புரண்ட பெட்டிகளுக்கு நடுவே நின்று, யார் என்ன சொன்னார், யார் என்ன செய்தார் என்று இரண்டு வருஷத்துக்கு முன்புவரை கேட்டுக்கொண்டிருந்தவர். கேட்டுக் கேட்டே குரலை உயர்த்தும் வழக்கம் அவரிடம் இல்லாமல் போயிருந்தது. அந்தக் குறையை சேக் தாவூது தீர்த்துவைப்பார். ஊரில் ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும், 'அண்ணே, இதுல சதி இருக்கு' என்று முதலில் கிளம்புகிறவர் அவர்தான்.

முத்துவீரன் முக்காலியை டாக்டருக்குக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க டாக்டரம்மா," என்றார்.

"எங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, நோயாளிக்குப் போற ஆக்சிஜன மூடிட்டான்னு சொல்றாக. திங்கக்கிழமை அவள வேலைய விட்டு எடுத்து போலீஸ்ல ஒப்படைக்கணும்னு தலைவர் சொக்கலிங்கம் செட்டியார் முடிவு பண்ணிட்டாக. கண்ணால பாத்த சாட்சி நான்தான். ஆனா நான் பாத்தது என்னன்னு ரெண்டு நாளா எனக்கே சந்தேகமா இருக்கு."

அவர் சொன்ன விவரம் இது. சென்னையில் படித்துவிட்டு வந்த அகிலாண்டேஸ்வரி, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு முன் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியிருந்தார். உயிருக்குப் போராடிக்கொண்டு ஒருவர் வந்து சேரும்போது, அதை நீ எடு, இதை நான் எடுக்கிறேன் என்று முட்டிக்கொள்ளக் கூடாது. முன்கூட்டியே செய்து பழகியிருக்க வேண்டும். அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை. நோயாளியாகப் படுத்திருப்பது ஒரு மரப் பொம்மை. இளையாத்தங்குடிப் பக்கம் கோயில் வாகனம் செய்யும் ஆசாரி ஒருவர் செதுக்கியது. நெஞ்சுக்குள் கால்பந்தின் ரப்பர் பை. வாகனம் செய்த கை அல்லவா, மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்க வேண்டிய ஆளுக்குத் துவாரபாலகரின் உருட்டுவிழி வந்துவிட்டது. நாலு பேர் சுற்றி நின்று சேவகம் செய்ய, அசையாமல் படுத்திருந்ததால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

நாலு பேருக்கும் நாலு வேலை. கம்பவுண்டர் சேவுகன் முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அமுக்குவார். டாக்டர் நரம்பில் ஊசி ஏற்றுவார். நர்ஸ் சுலைகா ஆக்சிஜனைத் திறந்துவிட்டு, சளி உறிஞ்சும் குழாயைப் பார்ப்பாள். நர்ஸ் மீனாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொன்றும் நடந்த நேரத்தை நோட்டில் எழுதுவாள். செய்கிறவர் செய்த உடனே அதை உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுகிறவள் மட்டும் காதால் கேட்டதை எழுதக் கூடாது; கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

"ஆறு மாசத்துல இருபத்தஞ்சு ஒத்திகை," என்றார் டாக்டர் சற்றுப் பெருமையோடு. "ஒரு துண்டு பஞ்சு, ஒரு சொட்டு மருந்து, ஒரு மூச்சு ஆக்சிஜன் வீணாக்கினதில்ல. சிலிண்டர் மதுரையிலேருந்து லாரில வரணும். செட்டியாருக்கு அதுல ஒரு கண்ணு உண்டு."

வியாழக்கிழமைதான் முதல் தடவையாக நிஜம் வந்தது. நாச்சியாபுரத்தில் கிணற்றில் தூர் எடுக்க இறங்கிய ஐயனார், உள்ளே இருந்த கெட்ட காற்றில் மயங்கி விழுந்துவிட்டான். வாடகைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். உதடு நாவல் பழமாக நீலம் பாரித்திருந்தது. பத்து இருபதுக்கு ஆபத்து மணி அடித்தது. எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள்.

"நரம்பு கெடைக்காம குனிஞ்சே இருந்தேன். நிமிந்து பாத்தா, ஆக்சிஜன் போற தண்ணிப் புட்டில குமிழியே இல்ல. சிலிண்டர் சாவி மேல மீனாள் கை இருக்கு. 'மீனாள், என்ன பண்ற'ன்னு கத்திட்டேன். அடுத்த நொடி குமிழி வந்துச்சு. ஆரம்பத்துலயே திறந்துட்டேன்னு சுலைகா சத்தியம் பண்றா. அவ சொன்னத நாங்க எல்லாரும் கேட்டோம். மீனாள் 'நான் மூடல'ங்கிறா. அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்கிறா."

"ஆள் எப்படி இருக்கான்?"

"பொழச்சுக்கிட்டான். ஆனா பேச்சு திக்குது. மக பேரக் கேட்டா முழிக்கிறான். அது கிணத்துலயே போனதா, எங்க கையில போனதான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது."

"மீனாளுக்கும் சுலைகாவுக்கும் ஆகாதோ?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். அவசரப் பிரிவுக்குப் பொறுப்பு நர்ஸ் ஒருத்தியைப் போட வேண்டியிருந்தது. ஏழு வருஷம் வேலை பார்த்த மீனாளுக்குத்தான் என்று ஊரே நினைத்தது, மீனாளும் நினைத்தாள். டாக்டரோ வந்து இரண்டே வருஷமான சுலைகாவைப் போட்டார். கை அவ்வளவு வேகம். மீனாளுக்கு நோட்டுதான் கிடைத்தது. அன்றிலிருந்து சுலைகா வீட்டிலிருந்து கொண்டுவருகிற பலகாரத்தை அவள் கையால்கூடத் தொடுவதில்லை.

"முடிஞ்சு போச்சு அண்ணே!" சேக் தாவூது மேசையைத் தட்டினார். சின்னச் சக்கரம் ஒன்று துள்ளிக் கீழே விழுந்தது. "பொறாமை. சுலைகா எங்க தெருப் புள்ள, பொய் சொல்லாது."

"சொல்லாதுதான்," என்றபடி முத்துவீரன் நோட்டைப் பிரித்தார்.

ஒவ்வொரு பக்கத்திலும் செய்ய வேண்டியவை முன்கூட்டியே வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எதிரே நேரத்தை மட்டும் நிரப்ப வேண்டும். இருபத்தைந்து ஒத்திகையிலும் மணி அடித்த மறு நிமிஷம் ஆக்சிஜன் என்று இருந்தது. வியாழக்கிழமைப் பக்கம் வேறு மாதிரி இருந்தது. மணி, பத்து இருபது. காற்றுப் பை, இருபத்தொன்று. ஆக்சிஜன், இருபத்து நாலு. அதற்குக் கீழே ஊசி, இருபத்து மூன்று. சளிக் குழாய், இருபத்திரண்டு.

"இது எப்படி? நேரம் ஏறி இறங்குது," என்றார் சேக் தாவூது. உடனே முகம் மலர்ந்தது. "கடிகாரம்! அந்தச் சொவர்க் கடிகாரம் எங்க வாங்குனது டாக்டரம்மா?"

"உங்க எதுத்த கடையில."

சேக் தாவூதுக்கு இதைவிட இனிப்பான செய்தி அந்த வாரத்தில் வரவில்லை. எதிர்க்கடை வாசலில் நிற்கிறவர்களை எண்ணாமல் அவருக்கு ஒரு வேளைச் சோறும் இறங்காது. கருவிப் பையை எடுத்துக்கொண்டு, டாக்டருக்கு முன்பே தெருவில் இறங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கடிகாரத்தைக் கழற்றித் தன் கைக்கடிகாரத்தோடு வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு அதைச் சுவரில் மாட்டிவிட்டு, "ஒரு செகண்டுகூடப் பிசகல," என்றார், யாரோ செத்துப்போன குரலில்.

"நல்லது. அப்ப நோட்டுல இருக்கிற நேரத்த நம்பலாம்," என்றார் முத்துவீரன்.

அவர் முதலில் சுலைகாவிடம் பேசினார். ஒல்லியான பெண். நிற்கும்போதுகூட விரல்கள் சும்மா இருக்கவில்லை. "சாவியப் போட்டேன், திறந்தேன், 'ஆக்சிஜன் திறந்தாச்சு'ன்னு சொன்னேன். அல்லா மேல ஆணையா சொல்றேன். மீனாக்காவுக்கு என்னக் கண்டா ஆகாது. எனக்கும் அவுக மேல வயித்தெரிச்சல்தான், மறைக்கல. யாரு வந்தாலும் 'மீனாளம்மா இல்லையா'ன்னுதான் கேக்குறாக. என் பேரு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்காக ஒரு உசுரோட வெளையாடுவேனாய்யா?"

கம்பவுண்டர் சேவுகனிடம் ஒரே கேள்விதான். "உதடு எப்ப செவந்துச்சு?"

"டாக்டரம்மா சத்தம் போட்டதுக்கு அப்புறந்தாங்க. அதுவரைக்கும் நீலம் மாறவே இல்ல."

"நடுவுல ஒரு தரம் செவந்து, மறுபடி நீலமாச்சா?"

"இல்லவே இல்ல. என் கண்ணு அங்கதான இருந்துச்சு."

ஐயனாரின் மனைவி கருப்பம்மாள் புருஷனின் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அன்று அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும், சிலிண்டருக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றவள். "உள்ள என்னென்னமோ கத்துனாக. டாக்டரம்மா 'மீனாளு'ன்னு ஒரு கத்து கத்துனாக பாருங்க, அப்பத்தான் உஸ்ஸுன்னு ஒரு சத்தம். நல்லபாம்புன்னு நெனச்சு நான் பின்னால நவுந்தேன்."

"அதுக்கு முன்னால அந்தச் சத்தம் வந்துச்சா?"

"வந்தா நவுந்திருக்க மாட்டேனா? ஒரே தரந்தான்."

மீனாள் மருந்து அறையில் தனியாக இருந்தாள். முப்பது வயதிருக்கும். முத்துவீரன் நோட்டை அவள் முன்னால் வைத்தார். "ஆக்சிஜனுக்கு இருபத்து நாலுன்னு எழுதியிருக்க. இருபத்தொண்ணுன்னு போட்டிருந்தா, நடுவுல காத்து இல்லாம இருந்ததே இந்தப் பக்கத்துல தெரிஞ்சிருக்காதே. ஏன் தாயி போடல?"

"நான் பொய் எழுதுனதில்லங்கய்யா."

"எழுதுனதில்ல," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார் முத்துவீரன்.

மீனாளின் கண்கள் நிரம்பின. நோட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டு, மருந்துப் புட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

வெளியே வந்ததும் சேக் தாவூது பொறுக்க மாட்டாமல் கேட்டார். "குத்தம் செய்யாதவ ஏண்ணே வாய மூடிக்கிட்டு இருக்கா?"

"எதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கான்னு கேளு தாவூது. திங்கக்கிழமை காலைல நீ ஒரு ஒத்தாசை செய்யணும். செத்த நேரம் படுத்துக் கெடக்கணும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவசரப் பிரிவில் எல்லாரும் கூடினார்கள். சொக்கலிங்கம் செட்டியார் நாற்காலியில் அமர்ந்து, தங்க ஃபிரேம் கண்ணாடி வழியாக எல்லாரையும் குற்றவாளியாகப் பார்த்தார். கருப்பம்மாள் ஜன்னலருகே நின்றாள். மாப்பிள்ளையை மூலையில் சாத்திவிட்டார்கள். அவன் இடத்தில் சேக் தாவூது, வெள்ளைத் துணி போர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வந்த வாய்ப்பை விடுவாரா, நடுநடுவே முனகவும் செய்தார்.

"வியாழக்கிழம செஞ்சத அப்படியே செய்யப் போறீக," என்றார் முத்துவீரன். "ஆனா இது ஒத்திகை இல்ல. படுத்திருக்கிறது நிஜ ஆளு. சிலிண்டர் நெறஞ்ச சிலிண்டர். எதையும் மிச்சம் பிடிக்க வேணாம், ஆக்சிஜன் திறந்தே ஆகணும். சுலைகா, புரிஞ்சுச்சா தாயி?"

"புரிஞ்சுச்சுங்கய்யா."

மணி அடித்தது. நாலு பேரும் பாய்ந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒருவர் கை மற்றவர் கையில் மோதவில்லை. "பை போட்டாச்சு!" என்றார் சேவுகன். சுலைகா சாவியை மாட்டினாள், "ஆக்சிஜன் திறந்தாச்சு!" என்றாள், அதே வேகத்தில் சளிக் குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நிறுத்துங்க," என்றார் முத்துவீரன்.

எல்லாரும் நின்றார்கள். முகமூடிக்கு அடியிலிருந்து சேக் தாவூதின் குரல் வந்தது. "அண்ணே, காத்தே வரலியே!"

புட்டித் தண்ணீர் அசையாமல் இருந்தது. சுலைகா அதைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "திறந்தேனே..." என்று தொடங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ பொய் சொல்லல தாயி," என்றார் முத்துவீரன். "ரயில்வேல ஒரு ஆளப் பாத்திருக்கேன். சிக்னல் இறக்கியாச்சுன்னு தெனம் சொல்லிப் பழகுனவன், ஒரு நாள் லிவர இழுக்காமலே சொல்லிட்டான். இழுத்தேன்னு கடைசிவரைக்கும் சத்தியம் பண்ணான். அவன் கை அப்படிப் பழகியிருந்துச்சு. டாக்டரம்மா, ஒரு மூச்சு ஆக்சிஜன் வீணாக்கினதில்லன்னு சொன்னீக. இருபத்தஞ்சு ஒத்திகையிலயும் இந்தப் பொண்ணு சாவியத் தொட்டுட்டு வாயால சொன்னதோட சரி, இல்லையா?"

அகிலாண்டேஸ்வரி கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். "நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்," என்றார்.

செட்டியார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மீனாள் கை அங்க எப்படி வந்துச்சு?"

"திறக்கத்தான் வந்துச்சு. முதல்ல திறந்து, அப்புறம் மூடி, மறுபடி திறந்திருந்தா ரெண்டு தரம் சீறியிருக்கும். கருப்பம்மா கேட்டது ஒரே தரம். நடுவுல உதடு செவந்திருக்கும். சேவுகன் பாத்தது ஒரே நீலம். அந்தச் சிலிண்டர் பத்து இருபத்து நாலுக்குத்தான் முதல் தடவையா திறந்துச்சு. திறந்தது மீனாள். போலீஸ் எதுக்குங்க? ஐயனாருக்கு மூச்சு விட்டதே அவதான்."

துணியை உதறிவிட்டு எழுந்த சேக் தாவூது, கை தட்டலாமா என்று பார்த்தார். சுலைகா அழுதுகொண்டே மீனாளின் கையைப் பிடிக்க வந்தாள். "மீனாக்கா, நான் ஒங்களப் போயி..."

மீனாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

முத்துவீரன் நோட்டை மூடிக் கட்டில் மேல் வைத்தார். அவர் பேசி முடித்துவிட்டார். மீதியைச் சொல்ல வேண்டியவள் சொன்னால்தான் உண்டு என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீனாள் அந்த நோட்டைப் பார்த்தாள். அத்தோடு வெளியே போயிருக்கலாம். வேலை போகாது, ஊரும் அவளை மெச்சும். அவள் போகவில்லை.

"ஐயா பாதியத்தான் சொன்னாக," என்றாள். "இவ 'திறந்தாச்சு'ன்னு சொன்னப்ப நான் புட்டியத்தான் பாத்தேன். ஒத்திகைன்னா கை சாவியத் தொட்டதப் பாத்து எழுதுவேன்; இது நிஜம், குமிழியக் கண்ணால பாத்துத்தான எழுதணும். குமிழி இல்ல. அதனால எழுதல. அப்பவே எனக்குத் தெரியும்."

சுலைகா நீட்டிய கையை இறக்கினாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். சொல்லல. எவ்வளவு வேகமான கைன்னு எல்லாரும் பாக்கட்டும்னு நின்னேன். டாக்டரம்மா நிமிந்து பாத்து இவளத் திட்டணும்னு காத்துக்கிட்டு நின்னேன். டாக்டரம்மா நிமிரவே இல்ல. அப்புறம் அந்த உதட்டப் பாத்தேன். அதுக்கப்புறம் நிக்க முடியல, ஓடிப் போயித் திறந்தேன். இருபத்தொண்ணுலேருந்து இருபத்து நாலு. மூணு நிமிஷம் நான் பொறாமையில நின்னேன்."

ஜன்னலருகே இருந்து கருப்பம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். கோபம்கூட இல்லாத குரலில் கேட்டாள். "ஒங்க ரெண்டு பேரு சண்டையில எம் புருசன் எங்க தாயி வந்தாரு?"

செட்டியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைக்குத் திரும்பும்போது சேக் தாவூது எதிர்க்கடை வாசலில் நிற்கிறவர்களைக்கூட எண்ணாமல் நடந்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. "ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்லண்ணே?" என்றார் கடைசியில்.

"நேரம் ஏறி இறங்குச்சுன்னு நீதான தாவூது முதல்ல சொன்ன. காதுல விழுந்ததும் எழுதியிருந்தா அங்க இருபத்தொண்ணுன்னு இருக்கும். அந்த எடத்த அவ காலியா வச்சிருந்தா. வச்சிருந்தான்னா தெரிஞ்சுதான் வச்சிருந்தா."

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

"சிலிண்டர யாரு மூடுனதுன்னு கேட்டாக. அதச் சொல்லிட்டேன்," என்றார் முத்துவீரன். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் பெயர்க்க முடியாது என்பது சேக் தாவூதுக்குத் தெரியும்.

போலீஸ் வரவில்லை. மறு வெள்ளிக்கிழமையிலிருந்து ஒத்திகையிலும் ஆக்சிஜனை நிஜமாகவே திறக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். செட்டியார் சிலிண்டர் செலவைக் கணக்குக் கேட்கவில்லை. மீனாளை அவசரப் பிரிவிலிருந்து எடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். ஐயனாருக்கு மகள் பேர் நினைவுக்கு வரப் பொங்கல் ஆயிற்று. அதுவரை வாரம் ஒரு நாள் மீனாள் பஸ் ஏறி நாச்சியாபுரம் போய் வந்தாள் என்று கேள்வி. கருப்பம்மாள் அவளை உள்ளே விட்டாளா என்பதை யாரும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் சேக் தாவூது கடிகார ஸ்பிரிங்கில் கட்டை விரலைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மீனாள் விரலைக் கழுவி, மருந்து வைத்து, துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது ஆபத்து மணி அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லை, நிஜம்தான். தாழ்வாரத்தில் காலடிகள் ஓடின.

மீனாளின் கை பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் சுலைகாவின் குரல், "ஆக்சிஜன் திறந்தாச்சு!" என்றது. மீனாள் அதற்கும் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

உஸ் என்று சத்தம் வந்தது.

"திறந்துட்டா," என்றாள் மீனாள். பிறகு துணியின் முனையைக் கிழித்து, அவர் விரலில் முடிச்சுப் போட்டாள்.